மலைக்குள் போகும் தகடு

அறுபது முடிந்த மற்றவர்களைப் போலவே பரிமளவல்லியும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து, மறுநாள் காலை வழக்கம்போல் பாசி மாவில் தோசை வார்த்தாள்.

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் அது ரேஷன் அட்டை புதுப்பிப்பதைப் போலச் சாதாரண வேலை. தகட்டகத்தில் உள்ளங்கையளவு படிகத் தகட்டின் முன் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல, ஒளியூசி பேச்சையெல்லாம் நுண்குழிகளாகக் கண்ணாடிக்குள் குத்திவிடும். தீயில் போட்டாலும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு அழியாது, திருத்தவும் முடியாது. ஆனால் மலைக்குள் இருக்கும் காப்பறையில் இடம் குறைவு. வீட்டுக்கு ஒரு தகடுதான் உள்ளே போகும். தேறாததைத் திருப்பித் தந்துவிடுவார்கள். பல வீடுகளில் அது தயிர்ச் சட்டிக்கு மூடியாக இருந்தது.

பரிமளத்தின் வீட்டில் இந்த வருடம் இரண்டு தகடுகள். இன்னொன்று அவளுடைய ஓரகத்தி யாழரசியுடையது. முப்பத்தைந்து வருடமாக ஒரே குவிமாடத்துக்குள் குடித்தனம். மாமியார் கடைசி மூச்சுவரை யாழுவின் கையால்தான் தண்ணீர் கேட்டாள். யாழு வைத்த கத்தரி காய்த்தது. பரிமளம் வைத்தது இலையோடு நின்றது. இப்போது தகடும் அவளுடையதே உள்ளே போனால், பரிமளம் தயிர்ச் சட்டி மேல் கிடக்க வேண்டியதுதான்.

"என்னடி பேசினே?" தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"என்னமோ உளறிட்டு வந்தேங்க்கா. நீங்க நல்லாப் பேசியிருப்பீங்க."

சொல்லிவிட்டு யாழரசி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே ஊர் அவள் பக்கம் சாயும்.

மத்தியானம் தகட்டகத்திலிருந்து அழைப்பு வந்தது. பரிமளம் தனியாகப் போனாள். அங்கே எழுத்தராக இருந்த இயந்திரப் பொறி எழுந்து கைகூப்பியது.

"உங்க தகடுதாம்மா தேறியிருக்கு."

"என்னுதா? சரியாப் பாருப்பா."

"பார்த்தாச்சும்மா. ஒரு மனுஷியை இவ்வளவு முழுசா யாரும் சொன்னதில்லை. எப்படிச் சிரிப்பாங்க, எந்தச் சேலைக்கு எந்த வளையல், ரசத்துல எதை எப்பப் போடுவாங்க, யார் யாரை எப்படி மயக்கி வச்சிருக்காங்க..."

பொறி தகட்டை வெளிச்சத்தில் காட்டியது. ஓரத்தில் தலைப்பு குத்தியிருந்தது: 'யாழரசி: ஒரு முழு வாழ்க்கை.'

பரிமளம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதை மாத்து."

"குத்தினது குத்தினதுதாம்மா. சொன்னவர்னு உங்க பேரும் கீழே இருக்கு. சின்னதா."

"நான் என்னைப் பத்திப் பேசவே இல்லையா?"

"பேசினீங்க, கடைசி நாலு நிமிஷம். அதுலயும் அவங்கதான் வர்றாங்க. வருத்தப்படாதீங்க. மலைக்குள்ள போனதுல முக்கால்வாசி இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரங்க, சம்பந்தி, கூடப் படிச்சவங்க. தன்னைப் பத்திச் சொன்னவங்க ரொம்பக் குறைச்சல்."

மேசைமேல் யாழரசியின் தகடு, திருப்பிக் கொடுப்பதற்காகக் கிடந்தது. பரிமளம் அதையே பார்த்தாள்.

"இவ என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்கா? குறைதானே? எனக்குத் தெரியும். சொல்லு, தாங்கிக்கறேன்."

பொறி தகட்டைப் படித்தது.

"கப்பல்ல வரும்போது வந்த பல்வலி. புயல்காத்துச் சத்தம். அவங்க அப்பா வாய்க்குள்ளயே பாடற பாட்டு. உங்க பேர் வரலைம்மா."

"ஒரு மணி நேரத்துல?"

"ஒரு மணி நேரத்துல."

பரிமளம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினாள்.

"மறுபடியும் முதல்லேருந்து போடு," என்றாள். "நடுவுல எங்கியாவது என் பேர் இருக்கும்."