பேட்ஜ் நம்பர் 417

கடப்பாரை கை நழுவி விழுந்தது.

செல்வின் சட்டென்று பின்வாங்கினான்.



லாரியின் பின்பக்கத் தளப்பலகையை அப்போதுதான் நெம்பி எடுத்திருந்தான். அடியில் இன்னொரு தளம். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி.

அந்த இடைவெளியில்... ஒரு கை!

தோல் இல்லை, சதை இல்லை. எலும்பு மட்டும். கைக்கு மேலே மக்கிப்போன காக்கித் துணி. அதற்கும் மேலே ஒரு மண்டை ஓடு. பின்மண்டையில் கோழிமுட்டை அளவுக்கு ஓட்டை.

"கர்த்தாவே..."

செல்வினுக்குச் சாலை பஜாரில் ஹார்டுவேர் கடை. வயது நாற்பத்தைந்து. அவன் வயதுக்காரர்கள் ஓய்வு கிடைத்தால் சீட்டு ஆடினார்கள். அவன் பழைய லாரி வாங்கினான். கழக்கூட்டத்தில், மேட்டில் இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, கழற்றி, துரு சுரண்டி, மறுபடி உயிர் கொடுப்பான்.

இது மூன்றாவது. 1938 மாடல் பெட்ரோல் லாரி. பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஷெட்டில் இருபத்தைந்து வருஷம் பூட்டிக் கிடந்ததைப் போன வருஷம், 1999-இல், ஏலத்தில் எடுத்தான்.

எலும்பு விரல்களுக்கு நடுவே ஏதோ மின்னியது. மெல்ல உருவினான்.

பித்தளை பேட்ஜ். டிரைவர்கள் சட்டையில் குத்துவது.

417.

அந்த நம்பர் அவனுக்குத் தெரியும்! லாரியின் சரித்திரம் தேடி எஸ்டேட் ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய ட்ரிப் புத்தகங்களை நகல் எடுத்தவன் அவன். 1968 முதல் 74 ஜூன் வரை டிரைவர் தாசையன், பேட்ஜ் 417. அப்புறம் பத்து நாள் வீரபாண்டி என்று புதுப்பெயர். அதன் பிறகு வெற்றுத்தாள்.

"தாசையா... நீயா இது?"

போலீஸைக் கூப்பிட வேண்டும். போன் வீட்டுக்குள் இருந்தது. பேட்ஜைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு குதித்தான்.

கிறீச்...!

ஷெட்டின் தகரக் கதவு திறந்தது.

"மக்கா... ஆள் உண்டா இங்க?"

ஒரு கிழவர். எழுபது இருக்கும். ஒரு கையில் ஈரக் குடை, மறு கையில் மடித்த பேப்பர். தோள் மட்டும் இன்னும் மூட்டை தூக்கும் தோள்.

"பேப்பர்ல பரஸ்யம் கண்டேன். பழைய லாரி... ஓட்டுன ஆளுங்க இருந்தா வந்து விவரம் சொல்லணும்னு போட்டிருந்தீயளே?"

"ஆ... ஆமா. நான்தான் போட்டேன். நீங்க?"

"இதை ஆறு வருஷம் ஓட்டுனவன்."

கிழவர் சிரித்தார்.

"பேரு தாசையன்."

செல்வின் லாரியின் பின்பக்கத்தை மறைத்து நின்றான்.

தாசையன் லாரிக்குள் கிடக்கிறான். எலும்பாக! அப்படியென்றால்... இது யார்?

கிழவர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார்.

"தாழ்ப்பாள்... எதுக்கு?"

"சாரல் அடிக்குல்லா! சரி மக்கா, 'இந்த வாரம் தளம் கழற்றப்படுகிறது'ன்னு பரஸ்யத்துல போட்டிருந்தியே... கழத்தியாச்சா?"

பெருமைக்காக எழுதிய ஒரு வரி. செல்வினுக்குத் தன் கையையே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இ... இல்ல. இன்னும் இல்ல."

மணி மூன்றே முக்கால். நாலு மணிக்கு அவன் மனைவி லீலாபாய் ஸ்கூலில் பாடம் முடித்து வந்துவிடுவாள். நேராக ஷெட்டுக்குத்தான் வருவாள்.

அதற்குள் இவனை வெளியேற்ற வேண்டும். அல்லது... விழ வைக்க வேண்டும்!

ஒரு யோசனை ஓடியது.

இந்த லாரிக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுழற்ற வேண்டும். ஸ்டியரிங் அடியில் ஸ்பார்க் லீவர் என்று ஒன்று உண்டு. அது மேலே இருக்கும்போது சுழற்றினால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு தெறிக்கும். ஓட்டியவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். போலி ஆள் மாட்டிக்கொள்வான்!

செல்வின் கேபினுக்குள் எட்டி சுவிட்சைப் போட்டான். கிழவர் பார்க்காதபடி லீவரை மேலே தள்ளினான்.

"எஞ்சின் வேலை முடிஞ்சது ஐயா. உங்க கையால ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க. எனக்கு... ஒரு சந்தோஷம்."

கிழவர் ஹேண்டிலை எடுத்தார். செருகினார். பிடித்தார்.

செல்வின் ஓரடி தள்ளி நின்றான்.

கிழவர் பிடியை விட்டார். மெதுவாக நடந்து வந்தார். ஜன்னல் வழியே கையை விட்டு லீவரைக் கீழே இறக்கினார்.

"ஸ்பார்க்கை ஏத்தி வச்சுட்டு ஹேண்டில் அடிக்கச் சொல்லுதியே மக்கா... கை போயிருமே!"

திரும்பிப் போனார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்து, ஒரே இழுப்பு.

எஞ்சின் உறுமியது!

 இவர் நிஜமான தாசையன்! அப்படியானால் உள்ளே கிடப்பது...

"வீரபாண்டி," என்றார் கிழவர். ஹேண்டில் இப்போது அவர் கையில் இருந்தது. "பாக்கெட்ல பித்தளை தெரியுது. எம் பேட்ஜைக் குடு."

"ஐயா... நான் யார்கிட்டயும்..."

"என்னை டிராக்டருக்கு மாத்திட்டு, என் வண்டியை அந்தப் பயலுக்குக் குடுத்தானுவ. ஒவ்வொரு வளைவுலயும் கியரை அரைப்பான். கர்ர்... கர்ர்னு! பத்து நாள் பொறுத்தேன் மக்கா. பல்லுச் சக்கரம் அழுததைக் கேட்டுக்கிட்டு எவன் உறங்குவான்?"

"அதுக்காகவா... கொன்னீங்க?"

"பின்னே? மறுநாள் புதுத் தளம் அடிக்கச் சொன்னாங்க. அவனை அடியில கிடத்தி நானே அடிச்சேன். ஷெட் நிறைய எலும்புத்தூள் உரம். நாத்தத்தை எவன் கண்டான்? பய ஓடிட்டான்னு நினைச்சானுவ. அடிச்சு முடிச்சப்புறம்தான் சட்டையைப் பாத்தேன். பேட்ஜைக் காணல. புடுங்கிட்டான், பாவி! திரும்பத் திறக்குதுக்குள்ள டீசல் வண்டி வாங்கிட்டு இதைப் பூட்டிட்டானுவ."

ஹேண்டில் உயர்ந்தது.

விஷ்ஷ்...!

செல்வின் குனிந்தான். இரும்பு மட்கார்டில் மோதி நெளிந்தது. சரிந்து லாரிக்கு அடியில் புகுந்தான். எண்ணெயும் மண்ணும் வாயில் போயின. இரண்டு வயதான கால்கள் சுற்றிச் சுற்றி வந்தன.

தூரத்தில், மேட்டுக்குக் கீழே, பஸ் நின்று கிளம்பும் சத்தம்.

லீலாபாய்!

கால்கள் நின்றன. தாழ்ப்பாள் விலகி, தகரக் கதவு அகலத் திறந்தது. அப்புறம் கேபின் கதவு.

"என் வண்டி. நான் கொண்டு போறேன். எலும்பும் இல்ல, லாரியும் இல்ல... அப்புறம் நீ சொன்னா எவன் நம்புவான்?"

"ஐயா, வேண்டாம்! அந்த வண்டி—"

"மிண்டாதே!"

"இல்லைங்க, ஒண்ணே ஒண்ணு—"

"மிண்டாதேன்னேன்!"

"கேளுங்க, அதுல—"

"இன்னொரு வார்த்தை மிண்டினா ஏத்திருவேன்!"

கியர் விழுந்தது. சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி மாதிரி. செல்வின் உருண்டு வெளியே வந்தான். லாரி கதவைத் தாண்டிச் சரிவில் இறங்கியது.

வேகம்... இன்னும் வேகம்!

சரிவின் பாதியில் ஒரு பச்சைக் குடை ஏறி வந்துகொண்டிருந்தது.

"லீலா...! விலகு...!"

குடை பறந்தது. லீலாபாய் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் பாய்ந்தாள். லாரி ஒரு சாண் தள்ளிப் போனது. போய், கீழே கருங்கல் மதிலில் முட்டியது.

டமார்...!

தளப்பலகை பிளந்தது. இருபத்தாறு வருஷம் கழித்து வீரபாண்டி வெளியே வந்தான்.

ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. உள்ளே தாசையன், இரண்டு காலும் முறிந்து, உயிரோடு. பேட்ஜை வாங்கிக்கொண்ட சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீகுமார் லாரியைச் சுற்றி வந்தார். மிதியைக் காலால் அழுத்தினார். அது தளர்ந்து தரையைத் தொட்டது.

"எந்தா இது சாரே, பிரேக் இல்லையா?"

"எட்டு பிரேக் ஷூவும் லைனிங் ஒட்ட சாலை பஜாருக்குப் போயிருக்கு சார். ஹேண்ட் பிரேக்கும் அதே ஷூதான்."

"மொதல்ல பிரேக்கு, அப்புறம் எஞ்சின்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்!" லீலாபாய் சேலையில் ஒட்டிய சேற்றை உதறினாள். "எஞ்சின் சத்தம் கேக்காம இவுங்களுக்கு இருப்பு கொள்ளாது!"

ஸ்ரீகுமார் செல்வினை உற்றுப் பார்த்தார்.

"அந்த ஆள் வண்டியில ஏறும்போ, பிரேக் இல்லேன்னு ஒரு வாக்கு பறஞ்சிருக்கலாமே?"

 செல்வின் மெல்லப் பெருமூச்சு விட்டான்.

"மூணு தடவை சொல்லப் போனேன் சார். மூணு தடவையும் மிண்டாதேன்னாரு. வயசுல மூத்தவரு... எதிர்த்துப் பேசினா மரியாதையா இருக்குமா?"