குண்டுமணிக்கு மிச்சம் ஒரே ஓர் ஊசி

பொழுது சாய்வதற்குள் குண்டுமணி யானையின் கழுத்துப் பட்டையைக் கழற்றியாக வேண்டும். மூன்று நாள் மழையில் பொங்கிய ஆறு வடிந்துகொண்டிருந்தது. வடிந்துவிட்டால் அவன் அக்கரைக் காட்டுக்குள் போய்விடுவான். அந்தச் சரிவில் அவனைத் தொடர மனிதக் கால்களால் முடியாது.

கால்நடை மருத்துவர் நல்லபெருமாள் வழியெல்லாம் அட்டைகளுக்கு ரத்ததானம் செய்தபடி மூங்கில் காட்டில் ஏறினார். நான்கு வருடத்துக்கு முன் அந்தச் சின்னக் கொம்பனுக்கு, எங்கே திரிகிறான் என்று அறிய, ரேடியோ பட்டை மாட்டியவர் அவர்தான். கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு துளை கூடுதலாக இறுக்கியவரும் அவர்தான். யானைக்குட்டி வளரும் என்ற விஷயம், ஐந்து வருடம் படித்துப் பட்டம் வாங்கியவருக்கு அன்றைக்கு நினைவில் இல்லை. இப்போது பட்டை சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்திருந்தது.

கூட வந்தவர்கள் இரண்டே பேர். தடம் பார்க்கச் செல்லி. அந்தக் காட்டிலேயே பிறந்தவள். மயக்க ஊசித் துப்பாக்கியோடு வனக்காவலர் ரோஸ்லின். மாநிலப் போட்டியில் இரண்டு பதக்கம் வாங்கியவள்.

அந்த ரோஸ்லின்தான் காலையில், நாற்பது அடி தூரத்தில், யானையைத் தவறவிட்டாள். ஊசி அவன் முதுகைத் தாண்டிப் போய் ஒரு மரத்தைத் தூங்க வைத்தது. மருந்து நிரப்பிய ஊசி இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"என் கை போயிடுச்சு சார். வேற யாரையாவது கூப்பிடுங்க" என்றாள் ரோஸ்லின். கண் கலங்கியிருந்தது.

"வேற ஆள்னா நான்தான்மா. நான் சுட்டா செல்லிதான் மயங்கி விழுவா."

"விழுந்தா தூக்கணும் டாக்டரு. உங்களால ஆகாது" என்றாள் செல்லி. தடத்தைக் குனிந்து பார்த்தாள். "மதியத்துக்கு மேல சேத்துக் குழிக்கு வருவான். காயத்துல மண்ணு பூசிக்கணுமில்ல. அதுக்குள்ள அழுது முடிச்சிருங்க."

ரோஸ்லின் மருந்தில்லாத வெற்று ஊசிகளை எடுத்து ஒரு பலாக்காயைக் குறிவைத்தாள். முதல் ஊசி காயின் நடுவில். அடுத்தது ஒரு சாண் மேலே. மூன்றாவது வலப்பக்கம். ஒரே கை, ஒரே கண், மூன்று இடம்.

துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தவள் நின்றுவிட்டாள். குழலையும் அடிக்கட்டையையும் சேர்த்து, குழலின் கறுப்போடு கறுப்பாக, இன்சுலேஷன் டேப் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது.

"இது யாரு வேலை?"

நல்லபெருமாள் ஓர் அட்டையைப் பிடுங்குவதில் மும்முரமானார். "ஜீப்புல ஆடிட்டே வந்துச்சு. ஆடாம இருந்தா குறி தப்பாதேன்னு நேத்து நான்தான்…"

"சார், குழல் எதையும் தொடக் கூடாது. பின்னாடி பிடிமானம் மட்டும் கெட்டியா இருக்கணும். மிச்சம் சும்மா மிதக்கணும். கட்டை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி அழுத்துனா, ஊசி ஒவ்வொரு பக்கம் போகும்."

டேப்பைக் கிழித்தாள். தேயிலைப் பாக்கெட்டின் காகிதத்தைக் கீற்றாக மடித்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே முனையிலிருந்து செருகி இழுத்தாள். பாதி தூரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டது. மழையில் மரமும் ஊறி உப்பிவிட்டிருந்தது.

"உப்புக் காகிதம் இருக்கா சார்?"

நல்லபெருமாளின் பையில் புதிய ரேடியோ பட்டை, தின்ன இரண்டு பழம்பொரி, குடை ஆகியவை இருந்தன. செல்லி எழுந்துபோய்ப் பேயத்தி இலைகளை ஒரு கை பறித்து வந்தாள். பூனை நாக்குபோலச் சொரசொரத்தன. "நாங்க ஈட்டிக் கம்பு தேய்க்கிற இலை. தேயிங்க டாக்டரு. கட்டினவங்கதான் தேய்க்கணும்."

குழலைக் கழற்றி வைத்துவிட்டு, உப்பியிருந்த பள்ளத்தை அவர் கத்தியால் சுரண்டினார், இலையால் தேய்த்தார். உள்ளங்கை கொப்பளித்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குழலை மறுபடி பூட்டியபோது காகிதம் முனையிலிருந்து பிடிமானம் வரை வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்று வெற்று ஊசிகள் பலாக்காயில் ஒன்றையொன்று உரசி நின்றன. ரோஸ்லின் காலையிலிருந்து முதன்முறையாகச் சிரித்தாள்.

குண்டுமணி வந்தான். தும்பிக்கையால் சேற்றை அள்ளி, பட்டைக்குக் கீழே எட்டாத இடத்தில் பூசப் பார்த்தான்.

'புஸ்' என்று ஒரு சத்தம். ஊசி பின்தொடையில் குத்தி நின்றது. கால் மணி நேரத்தில் நின்றபடியே குறட்டை விட்டான்.

நல்லபெருமாள் ரம்பத்தால் பட்டையை அறுத்தார், சீழைக் கழுவினார், மருந்து வைத்தார். வாய் மட்டும் "கொஞ்சம் பொறுடா கண்ணு, என் தப்புதான்டா" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. புதிய பட்டையைச் செல்லி எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

மயக்கம் தெளிய ஊசி போட்டு மூவரும் ஓடி மறைந்தார்கள். குண்டுமணி கண் விழித்துத் தலையை ஆட்டிப் பார்த்தான். இன்னொரு தரம், நம்பாதவன்போல ஆட்டினான். பிறகு நிதானமாக ஆற்றைக் கடந்து போனான்.

முகாமில் இருந்தவர்களின் கைதட்டல் அடங்கியதும், ரோஸ்லின் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தாள். பெட்டி மூடி லேசாக ஆடுவதைக் கவனித்த நல்லபெருமாளின் கை, பழக்க தோஷத்தில், சட்டைப் பைக்குள் டேப்பைத் தேடியது.

டேப் செல்லியிடம் இருந்தது. பிரிந்து கிடந்த தேயிலைப் பாக்கெட்டை அதைக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஆடட்டும் டாக்டரு" என்றாள்.