பாலக்காரர் நாட்டில் இப்போது மணி என்ன?

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குங்க!"

மழையில் தொப்பலாக நனைந்து, மூச்சிரைக்க வந்து நின்றவன் தன் கைக்கடிகாரத்தை நீட்டினான். விமான நிலையக் கவுன்டரில் இருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஃபிளைட் போய் ஒரு மணி நேரமாச்சு சார். இது எந்த ஊர் நேரம்?"

"நான் வேலை பார்க்கற மலை நாட்டு நேரம். இங்க வந்தா வாட்சை மாத்தறதில்ல. மனசுக்குள்ளயே ஒரு மணி நேரம் கூட்டிக்குவேன்..." சட்டென்று நிறுத்தினான். "ஐயோ... இன்னிக்குக் கழிச்சிட்டேன் போலிருக்கே!"

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பாலம் கட்டற இன்ஜினியர்."

"அந்தப் பாலத்துல தைரியமா ஆளுங்க நடக்கறாங்களா?"

வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனோ சிரித்தான்... இமை நுனியில் நின்ற மழைத்துளி உதிர்ந்து விழும்படி சிரித்தான். அவளுக்குள்ளும் ஏதோ நழுவியது. கவனிக்காதவள்போல் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

மலை நாட்டுக்கு வாரம் ஒரே விமானம். அடுத்த வாரத்துக்கு அன்றைக்கே சீட் உறுதியாகிவிட்டது. இருந்தும், "உறுதியாச்சாங்க?" என்று தினமும் வந்து நின்றான். அங்கே கடல் இல்லை, தலைநகரமே மேகத்துக்கு மேலே இருக்கிறது என்று ஏதேதோ சொன்னான். அவள் வேலை பார்ப்பதுபோல் காதை மட்டும் கொடுத்தாள்.

அவள் நம்பரை வாங்கிக்கொண்டு மலை நாட்டுக்குத் திரும்பியவன் தினமும் மாலையில் போன் செய்தான். "அங்க இப்ப மணி என்ன?" என்பாள்... தெரிந்துகொண்டேதான். போனில் அவனுக்கு அவள் வைத்த பெயர் 'பாலக்காரர்'. அதுதான் வினையாயிற்று.

"ஏம்மா, சாயங்காலத்துல பால்காரர் எதுக்குக் கூப்பிடறார்?" கண்ணாடி போடாத அப்பா கேட்டார்.

"பால்காரர் இல்லப்பா... பாலக்காரர்."

விஷயம் வெளியே வந்தது. காலமெல்லாம் ரயில் ஓட்டியவர் அப்பா.

"அந்த நாட்டுல ரயில் இருக்கா?"

"மலையாச்சேப்பா... இல்ல."

"ரயிலே இல்லாத நாட்டுக்காரனோட நமக்கென்ன பேச்சு?"

ரயில் வெறும் சாக்கு என்று அவளுக்குத் தெரியும். அம்மா போன பிறகு அவருக்கு இவள், இவளுக்கு அவர். மகள் தூரதேசம் போய்விட்டால்? அன்று மாலையே, "இனிமே கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தலையணையில் முகம் புதைத்தாள்.

அவன் கூப்பிடவில்லை. அடுத்த விடுமுறையில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டான்!

அப்பா அவனை நாற்காலியில் உட்காரவைத்து விசாரணையை ஆரம்பித்தார். அவள் அறைக்கதவின் பின்னால் நின்றாள்.

"அங்க ஜனத்தொகை எவ்வளவு?"

"அது வந்து சார்... நிறைய..." அவன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"எட்டு லட்சம்பா!" கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன பாஷை?"

"மூணு பாஷைப்பா. ஒண்ணு எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் பேச வரும்."

"குளிர்காலத்துல எப்ப இருட்டும்?"

"நாலு மணிக்கே. நம்ம நேரத்துக்கு அஞ்சு."

அப்பா மெல்லத் திரும்பினார். "கேள்வி இவருக்கு, பதில் உன்கிட்டேருந்தா? வேண்டாம்னு சொன்னவ, இதெல்லாம் எப்பம்மா படிச்சே?"

அவள் வெளியே வந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான்பா. ஆனா... படிக்காம இருக்க முடியல."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகுதான் பேசினார். "ரயில் இல்லாட்டி என்ன, விமானம் இறங்குதில்ல? எனக்கு நீயே டிக்கெட் போட்டுக் கொடு." டீ போடுகிறேன் என்று அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அவன் எழுந்து அருகில் வந்தான். "அந்த நாட்டை அவ்வளவு பிடிக்குமா உங்களுக்கு?"

"நாடு யாருக்கு வேணும்?" தலை குனிந்தவள் நிமிர்ந்து, அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "உங்களைத்தான் பிடிக்கும். எவ்வளவுன்னு எனக்கே தெரியல..."

"எனக்கும்..." என்றான்.

"மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" சமையலறையிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்... பதில் சொல்லத்தான் அங்கே யாருக்கும் நினைவில்லை.