ஓடாத தறியின் எண்ணிக்கை

தறி ஓடவில்லை, எண் மட்டும் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டுக்கு ஏறியது.

திருமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீளமேட்டில் இன்ஜினியரிங் கடைசி வருடம். சோமனூரில் அப்பாவின் தறி ஒன்றில் ஒரு பக்கம் சின்ன பல்பு, எதிர்ப்பக்கம் சென்சார். ஊடை நூலோடு நாடா குறுக்கே பாய்ந்து வெளிச்சத்தை மறைக்கும்போதெல்லாம், 8051 என்ற சிப் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். அவ்வளவுதான் புராஜெக்ட். காலேஜில் இரண்டு தடவை சார் முன்னால் மானம் போயாயிற்று. நாளை மறுநாளும் தப்பாக எண்ணினால் வருடமே போச்சு.

ஆயுத பூஜை. தறிகளின் பியூஸைப் பிடுங்கிவிட்டு, ஆறு தறிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். தறிக் குடோனே ஓய்ந்து கிடந்தது.

“இன்னிக்கு எதையும் தொடக்கூடாது சாமி. காலைல கும்பிட்டுப்போட்டு எடுத்துக்கலாம்,” என்றாள் அம்மா ரங்கம்மாள், வாசலில் நின்றபடி.

“காலைல தறியெல்லாம் ஓட ஆரம்பிச்சுருமுங்கம்மா. அப்பறம் நான் எங்க பாக்கறது?”

அவள் முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

நாற்பத்துமூன்று.

சந்தனம்தான்! சிப் பொருத்திய போர்டைச் சாமி முன்னால் வைத்தவனும் அவனே, பக்தி முற்றிச் சிப்பின் தலையில் சந்தனத்தை அப்பியவனும் அவனே. ஈரம் சிப்பின் கால்களுக்கு நடுவே இறங்கியிருக்கும். தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பழைய பல் பிரஷைப் பெட்ரோலில் தொட்டுத் தேய்த்தான். பெட்ரோல் நெடியும் சாம்பிராணிப் புகையும் வெட்டிய பூசணியின் பச்சை வாசனையும் கலந்து தலையை வலித்தது. பேட்டரியை மாட்டினான். பூஜ்யம். ஒன்று. இரண்டு.

டியூப் லைட்டின் துடிப்பாக இருக்கலாம். அணைத்தான். வெளியே பொழுது சாய்ந்திருந்தது. சந்தேகப்பட்ட வயர்களையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் பற்றவைத்தான். விரல் சுட்டதுதான் மிச்சம். ஏழு. எட்டு.

கடைசியாகச் சென்சார் வயரைக் கழற்றி, சிப்பின் காலை நேரே ஐந்து வோல்ட்டில் கட்டினான். எண் நின்றது. பத்து நிமிடம் அசையவில்லை. புரோகிராம் சரி, போர்டும் சரி. வயரைத் திரும்ப மாட்டினான்.

ஒன்பது. பத்து. பதினொன்று. இப்போது தறி ஓடும் அதே வேகம்.

அப்படியானால் ஏதோ நிஜமாகவே குறுக்கே போய்வந்துகொண்டிருந்தது. திருமூர்த்திக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

எண் நின்றது. போர்டில், வெளிச்சம் மறைந்தால் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. குறுக்கே போனது நடுவிலேயே நின்றுவிட்டது.

ஆனால் எதிரே பல்பு பளிச்சென்று தெரிந்தது.

சென்சாரைக் கழற்றிக் கையில் எடுத்து, பல்பைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தான். சிவப்பு. ஓரடி பின்னால் நகர்ந்தான். சிவப்பு. முதுகு சுவரில் முட்டியது. சிவப்பு.

வயரோடு பல்பையும் இழுத்தெடுத்தான். ஒரு கையில் பல்பு. மறு கையில் சென்சார். முகத்துக்கு நேரே, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சாண் இடைவெளி.

ஒன்றுமில்லை.

சிவப்பு அணையவில்லை.

அந்த ஒரு சாண் இடைவெளியிலிருந்து, வெதுவெதுப்பாக, அவன் முகத்தில் மூச்சுக்காற்று பட்டது.