பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

கைலாசநாதன் கீழக்குயில்குடி வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. சமணர் மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. உள்ளே வந்து தாழ் போட்டார். மனைவி ஜானு இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதன்பின் அந்த வீட்டில் அவர் வாய் திறந்தால்தான் பேச்சு.

கையில் ஒரு பழைய எல்.பி. ரெக்கார்டு. அறுபதுகளில் பேர்போன, போதைக் கனவுபோல ஒலிக்கும் சைக்கடெலிக் ராக் குழு ஒன்றின் தேர்ந்தெடுத்த பாடல்கள். அட்டையில் எழுத்துகள் மெழுகு உருகியதுபோல வழிந்துகொண்டிருந்தன. கல்லூரி விடுதியில் அவரைக் கிறங்கடித்த குழு.

பழைய சாமான் கடை அருள்பாண்டி எதையும் மறைக்காமல்தான் விற்றான்.

“அண்ணே, ரெண்டு பேரு வாங்கிட்டுப் போயி திருப்பிக் குடுத்துட்டாக. பாட்டுக்கு நடுவுல யாரோ மூச்சு விடுறாகளாம். வெள்ளைக்காரன் மூச்சு விடாம எப்புடிண்ணே பாடுவான்?”

சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான். “வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டைக் காலி பண்ணப்ப வந்துச்சு. ஒண்டியாளு. செத்து அஞ்சு நாள் கழிச்சுத்தான் கதவை ஒடச்சிருக்காக. அதுவரைக்கும் இது சுத்திக்கிட்டே இருந்துச்சாம்.”

மூச்சு விஷயத்தை அவர் அங்கேயே மறந்துவிட்டார். அந்த ஐந்து நாள்தான் வழியெல்லாம் கூட வந்தது. வாசலில் எத்தனை பால் பாக்கெட் சேர்ந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? பெங்களூரில் இருக்கும் மகள் சாருலதா ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள்.

இன்று திங்கள்.

ரெக்கார்டைத் துடைத்து ப்ளேயரில் வைத்து முள்ளை இறக்கினார். ஆர்கன் புகைபோல எழுந்தது. கிதார் எங்கோ பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. அவர் சமையலறைக்கும் மேஜைக்கும் நடந்து சோறும் ரசமும் எடுத்து வைத்தார்.

முதல் பாட்டு முடிந்தது.

அடுத்த பாட்டுக்கு முந்தைய அந்த இடைவெளியில், ஒரு மின்விசிறி கிறீச்சிட்டது.

தன் வீட்டு விசிறி என்று நினைத்து அணைத்தார். றெக்கைகள் நின்றன. கிறீச்சு நிற்கவில்லை. அதனடியில் யாரோ மெல்லப் பெருமூச்சு விட்டார்கள்.

இரண்டாவது பாட்டு வந்து எல்லாவற்றையும் மூடியது. அவர் அசையாமல் நின்று அது முடியக் காத்திருந்தார்.

மறுபடி அமைதி. மறுபடி அந்த விசிறி.

“சாப்ட்டாச்சா?”

ஆண் குரல். பல நாள் யாரோடும் பேசாத, கரகரத்த தொண்டை. இப்படி ஒருவர் அவரைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! யார் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லும் பதிலை அவர் வாயும் சொல்லிவிட்டது.

“இனிமேத்தான். வாங்க, சாப்பிடலாம்.”

மரியாதைக்குச் சொல்வதுதான். அப்படிக் கூப்பிட்டதால் யாரும் வந்து உட்கார்ந்துவிடுவதில்லை.

“வாரேன்.”

மூன்றாவது பாட்டு அதிர்ந்து கிளம்பியது. அவர் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டு ப்ளேயர் அருகே போனார்.

அந்தப் பாட்டும் முடிந்தது. இடைவெளியில் ஒன்றுமில்லை. கிறீச்சு இல்லை, மூச்சு இல்லை. முள்ளைத் தூக்கி முதல் இடைவெளியில் வைத்தார்.

சுத்தமான அமைதி. அடுத்த பாட்டு தொடங்குமுன் முள்ளைத் தூக்கிவிட்டார்.

அங்கே இருந்தவர் கிளம்பிவிட்டார்.

பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை முதலில் வந்தது. நனைந்த செய்தித்தாள், அதற்குள் ஏதோ இனிப்பாக அழுகியது. பிறகு எதிரிலிருந்த பிரம்பு நாற்காலி, ஆள் உட்காரும்போது முனகுவதுபோல, நிதானமாக முனகியது.

வாசல் எட்டடி தூரம்தான். பைக் சாவி சட்டைப்பையில். ஓடலாம். அருள்பாண்டியிடம் சொல்லி இருவருமாகச் சிரித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வரலாம்.

யாருமில்லாத இதே வீட்டுக்கு.

கைலாசநாதன் நாற்காலியைப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினார். ஜானு போனபின் வெளியே எடுக்காத தட்டு. எதிரில் வைத்து ஒரு கரண்டி சோறு போட்டார். குனிந்த தலை நிமிராமல் கேட்டார்:

“ரசம் ஊத்தவா?”

முள் இறங்காத ரெக்கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தத் தட்டு, மேஜையை உரசியபடி, ரசத்துக்கு நீட்டியதுபோல, கைலாசநாதன் பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது.