வயல் பாதையில் பன்னிரண்டு மணி

ஒக்டோபர் 30, வியாழக்கிழமை, மாலை 5.10. வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பு ஒன்றின் நான்காம் மாடியில் மயூரி அலுமாரியைத் திறந்து நகைப்பெட்டியைத் தூக்கினாள். பெட்டி பாரமில்லாமல் கையோடு வந்தது. தாலிக்கொடி இல்லை. அட்டியல் இல்லை. நான்கு காப்புகளும் இல்லை.

மயூரி கொட்டாஞ்சேனையில் ஆசிரியை. தாய் ஜெகதீஸ்வரியைப் பார்க்க வியாழன்தோறும் மாலை வகுப்பு முடிந்து வருவாள். தை மாதம் மயூரியின் மகளுக்குக் கல்யாணம். அந்த நகைகள் பேத்திக்குத்தான் என்று தாய் எல்லாருக்கும் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது.

வாசல் கதவு உடைபடவில்லை. அலுமாரிச் சாவி சுவாமிப் படத்துக்குப் பின்னால், வைத்த இடத்திலேயே இருந்தது. 5.40க்குப் பொலிஸ் வந்தது. 6.15க்கு இராமலெட்சுமியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, கண் பார்வை போன ஜெகதீஸ்வரியை மூன்று வருடமாகப் பராமரித்தவள். யோசிக்க முப்பத்தைந்து நிமிடம் போதுமாக இருந்தது அவர்களுக்கு.

நவம்பர் 6, காலை 10.00. வெலிக்கடைச் சிறையில், விளக்கமறியலில் வைத்து வழக்கறிஞர் ரபீக்கா அவளைச் சந்தித்தாள். ரபீக்கா புதுக்கடை நீதிமன்றங்களில் பதினாறு வருடமாக வழக்குப் பேசுபவள். வேலைக்காரர் மீதான திருட்டு முறைப்பாடுகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும். மயூரியின் கையெழுத்திலும் அது இருந்தது: "வீட்டில் வேறு வெளியாள் எவரும் இல்லாதபடியால்."

"அன்னைக்கு எத்தின மணிக்கு வெளிய போனீங்க?"

"அம்மாவோட மகன், லண்டன் ஐயா, போன் வந்ததும் மிஸ். நாலு இருவது. போன அம்மா கையில குடுத்துட்டுக் கீழ கீரை வாங்கப் போவேன். தெனமும் அப்படித்தான். அந்த அரை மணிதான் எனக்கு வெளிக்காத்து."

"கீரை வாங்கினதுக்கு பில் இருக்கா?"

"ரோட்டோரம் சாக்கு விரிச்சு விக்கிறவங்க எங்க மிஸ் பில்லு குடுப்பாங்க?"

"வீட்டுச் சாவி எத்தின பேர்ட்ட இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணு, மயூரி அக்காகிட்ட ஒண்ணு."

மயூரி அன்று 4.35 வரை மாலை வகுப்பில் நின்றதற்கு முப்பது பிள்ளைகள் சாட்சி.

மாலை 4.00. வெள்ளவத்தை வீட்டில் ஜெகதீஸ்வரி பல்கனியில், கடலைப் பார்த்தபடி போட்ட கதிரையில் இருந்தாள். வயது எழுபத்திநான்கு. கைப்பேசி மடியில் கிடந்தது.

"மகன் தினமும் எடுப்பாரா அம்மா?"

"ஓம் பிள்ளை. லண்டன் எண்டு சொல்லுறம், ஆனா வினோதன் இங்கிலாந்தில ஒரு கிராமத்தில கடை வச்சிருக்கிறான். பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்க மனுசியைக் கடையில விட்டிட்டு நடக்க வெளிக்கிடுவான். என்னையும் கூட்டிக்கொண்டு போவான்."

"எப்படி?"

"போனிலதான். முதல்ல மரப்படலை. திறந்தா உடனே சாத்தோணும், இல்லாட்டி செம்மறி ஓடிடுமாம். பிறகு வயலுக்கு நடுவால ஒற்றையடிப் பாதை. ஆரின்ர வயல் எண்டாலும் அதால நடக்க அங்க எல்லாருக்கும் உரிமை இருக்காம். பிறகு வாய்க்கால், பலகைப் பாலம். பாலத்தடியில நிக்கேக்க சேர்ச் மணிக்கூடு அடிக்கும். நான் விரலில எண்ணுவன்."

"நகை போன அன்னைக்கும் எண்ணினீங்களா?"

"எண்ணினனான். பன்னிரண்டு. ஆனா அண்டைக்கு நான் கேட்டது ஒண்டுக்கும் மறுமொழி சொல்லேல்ல. தன்ர பாட்டில சொல்லிக்கொண்டு போனான். சிக்னல் இல்லையாக்கும்."

"வேற சத்தம் கேட்டதா?"

கிழவியின் முகம் சுருங்கியது. "மணி அடிக்கேக்க உள்ளுக்க அலுமாரிக் கதவு கிறீச்செண்டது. இராமலெட்சுமி எண்டுதான் நினைச்சன். பொலிசுக்கும் அதைத்தான் சொன்னனான்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் வழக்கு முழுவதும் நின்றது.

4.20 ஆனது. கைப்பேசி அடிக்கவில்லை. 4.30.

"இன்னைக்கு எடுக்க மாட்டாரா?"

"ஐஞ்சு இருபதுக்கு எடுப்பான். குளிர்காலத்தில அங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறவை. அவங்கட பன்னிரண்டு எங்களுக்கு ஐஞ்சரையாப் போயிடும். பிள்ளையளை வெளியில அனுப்பின தாய் தேப்பனுக்கு இதெல்லாம் பாடம்."

"எப்ப மாத்துவாங்க?"

"ஒக்டோபர் கடைசி ஞாயிறு."

"அப்ப இந்த வருசமும் இருபத்தாறாந் திகதியில இருந்து ஐஞ்சு இருபதுக்குத்தான் எடுத்தாரா?"

ஜெகதீஸ்வரி நாட்களை விரலில் எண்ணினாள். "இல்லை. இந்தத் திங்கட்கிழமையில இருந்துதான்."

ரபீக்கா கைப்பேசியை வாங்கி வாட்ஸ்அப் அழைப்புகளைப் பார்த்தாள். நவம்பர் 1 வரை எல்லாம் 4.20. நவம்பர் 2, ஞாயிறு, அழைப்பே இல்லை. 3ஆந் திகதி முதல் 5.20.

கைப்பேசியைக் கிழவியின் மடியில் திரும்ப வைத்தாள். 5.20க்கு அழைப்பு வந்தது. வினோதனின் குரல் நல்ல குரல். பொறுமையான, அன்பான குரல். "அம்மா, படலையைச் சாத்திட்டன். இதில சேறு, கவனம்." கிழவி கதிரையில் இருந்தபடியே காலைச் சற்றுத் தூக்கி வைத்தாள். ரபீக்கா அதைப் பார்த்தாள். எழுந்து போய்க் குசினிக் குழாயில் முகத்தைக் கழுவினாள்.

நவம்பர் 7, மாலை 4.30. அதே வீடு. ஜெகதீஸ்வரி, மயூரி, ரபீக்கா. சப்-இன்ஸ்பெக்டர் கையில், ரபீக்கா கேட்டு எடுப்பித்த குடிவரவுத் திணைக்களக் கடிதத்துடன் நின்றார். முகத்தில் வெட்கத்தைவிட அலுப்பே அதிகம்.

"நகையை எடுத்தது வினோதன்," என்றாள் ரபீக்கா.

மயூரி சிரித்தாள். "உங்களுக்கு விசரா மிஸ்? அண்ணா லண்டனில நிண்டு போன் கதைச்சுக்கொண்டிருந்தவர்."

"முப்பதாந் திகதி இங்க நாலரை மணி. அங்க அப்ப எத்தின மணி? பதினொன்று. மணிக்கூட்டை மாத்தி நாலு நாள் ஆச்சு. சேர்ச்சில பதினொரு அடிதான் அடிச்சிருக்கணும். அம்மா பன்னிரண்டு எண்ணினாங்க. அது பழைய நடை. மாத்துறதுக்கு முந்தி ஒரு நாள் நடந்தப்ப ரெகோர்ட் பண்ணினது. அதனாலதான் கேட்டதுக்குப் பதில் வரல்ல."

"ஏன் நாலு இருபதுக்கு எடுத்தவர்?"

"அங்க இருந்திருந்தா சேர்ச் மணி, கடை மணி, மனைவி எல்லாம் நேரத்தைச் சொல்லியிருக்கும். அவர் கொழும்பில இருந்தார். இங்க நேரம் மாறுறதில்ல. நாலு இருபதுன்னு பழகின பழக்கத்துல எடுத்துட்டார். திரும்பிப் போன பிறகுதான் அவருக்குக் குளிர்காலம் தொடங்கிச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கடிதத்தை வாசித்தார். வினோதன் ஒக்டோபர் 24 பிற்பகல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறான். நவம்பர் 2 காலை வெளியேறியிருக்கிறான். தங்கியது கொட்டாஞ்சேனையில், தங்கையின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு லொட்ஜில். போன முறை வந்தபோது கொண்டுபோன வீட்டுச் சாவியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நகை போன நாள் தவிர, மற்ற நாளெல்லாம் லொட்ஜ் அறையிலிருந்து தாயுடன் கதைத்திருக்கிறான். மழை, அதனால் இன்றைக்கு நடை இல்லை என்று.

"ஒரு நாள் எடுக்காட்டியும் அம்மா ஊரெல்லாம் விசாரிப்பாங்க," என்றாள் ரபீக்கா. "அன்னைக்கு மேல்மாடிப் படியில இருந்து எடுத்திருக்கணும். இராமலெட்சுமி லிஃப்டில இறங்கினதும், ரெகோர்டிங் ஓடுற போனை மற்றப் போனுக்குப் பக்கத்தில வச்சிட்டு உள்ள வந்தார். அந்த நேரத்தில அம்மா பல்கனியில மகனோட வயலில நடந்துட்டு இருந்தாங்க. அடுத்த நாள், உங்களுக்குப் போன் பண்ணி, வேலைக்காரியை வெளிய விட வேண்டாம்னு சொன்னதும் அவர்தான்னு அம்மா சொன்னாங்க. இல்லையா மயூரி?"

மயூரி ரபீக்காவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "மிஸ், இது எங்கட குடும்ப விசயம். நகை வீட்டுக்குள்ளயே கிடந்து எடுத்திட்டம் எண்டு எழுதிக் குடுக்கிறன். அவளையும் விட்டிடுவினம்தானே? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ர பிள்ளையின்ர கல்யாணம் என்னாகும்?"

"அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கு. தோட்டத்தில எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, அவட அம்மா கள்ளி எண்டு. அதுக்கு யார் எழுதிக் குடுக்கிற?"

சப்-இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். சமாதானமாக முடித்தால் எல்லோருக்கும் லேசு என்ற மாதிரி ஏதோ சொன்னார். ரபீக்கா அவரைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பிள்ளை," என்று பல்கனியிலிருந்து கூப்பிட்டாள் ஜெகதீஸ்வரி. "அவன் உள்ளுக்க வரேக்க என்னைக் கண்டிருப்பான், என்ன?"

"ஓம் அம்மா. வாசலில இருந்து பார்த்தா உங்கட கதிரைதான் முதல் தெரியுது."

"கேட்டிருந்தா பாதியைக் குடுத்திருப்பன்." கையைச் சேலையில் துடைத்தாள், அழுக்குப் பட்டதுபோல, திரும்பத் திரும்பத் துடைத்தாள். "நான் என்ர வாயால இராமலெட்சுமி எண்டு சொன்னனான். அதை வெட்டச் சொல்லுங்கோ. வினோதன் எண்டு எழுதச் சொல்லுங்கோ."

"அம்மா!" என்றாள் மயூரி.

"நீ பேசாதை. எங்க கையெழுத்து வைக்கோணும்? விரலைப் பிடிச்சு வையுங்கோ."

நவம்பர் 10, திங்கட்கிழமை, காலை 11.30. புதுக்கடை நீதிமன்ற வாசல். இராமலெட்சுமியை விடுவித்த உத்தரவின் மை காயுமுன் மயூரி கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏறு இராமலெட்சுமி. அம்மா உன்னைத்தான் கேட்டபடி. நாங்கள் உன்னில சந்தேகப்படேல்ல, பொலிஸ்தான் அப்பிடி..."

இராமலெட்சுமி பதினொரு நாளாக மாற்றாத சட்டையின் கழுத்தைச் சரிசெய்தாள். காரைப் பார்த்தாள், மயூரியைப் பார்த்தாள்.

"அம்மாவ நான் ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறேன். அவங்க சொன்னத மாத்திச் சொல்லிட்டாங்க. நீங்க என் பையத் தரையில கொட்டி, உள்பாவாடைய எல்லாம் பொலிஸ்காரங்க முன்னால ஒவ்வொண்ணா ஒதறிக் காட்டுனீங்க. நான் வர்றதுக்கு முன்ன அதெல்லாம் உங்க கையால தொவச்சு மடிச்சு வைங்க."

இராமலெட்சுமி வீதியைக் கடந்து பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.