விரிக்காத குடை

'படக்!'

அவள் குடையின் பொத்தானை அழுத்திய சத்தம்தான். அதற்கே சதுப்பு நீரில் மேய்ந்துகொண்டிருந்த வலசைப் பறவைகள் மொத்தமும் எழுந்து வானத்தை மூடிவிட்டன. கடைசியாக எழுந்த ஒன்று அவள் குடையை உரசுவது போலப் பறந்தது... நீட்டிய காலில் ஒரு மஞ்சள் வளையம்!

"ஏங்க... கொஞ்சமாவது அறிவிருக்கா?"

நாணல் தட்டி மறைவிலிருந்து ஒருவன் எழுந்தான். அந்தச் சரணாலயத்தில் பறவைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன். முழங்கால் வரை சேறு. கண்கள் மட்டும்... அடேயப்பா, இப்போது பெய்யட்டுமா என்று கேட்கிற மேகம் மாதிரி!

"மழைக்குக் குடைய விரிக்காம பாயையா விரிப்பாங்க?" என்றாள்.

"விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து உக்காந்திருக்கேங்க. போன வருஷம் சிறகு அடிபட்டுக் கெடந்துச்சு ஒண்ணு. நான்தான் தேத்தி, கால்ல மஞ்ச வளையம் மாட்டி அனுப்பினேன். அது உசுரோட திரும்பி வந்துச்சான்னு பாக்க..."

'வந்துச்சுங்க, நான் பாத்தேன்' என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவன், "வேடிக்க பாக்க வர்றவங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வந்ததே ரோஷம்! நாளெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர், தன் வாயை இறுக மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

ஆனால் அந்தக் கண்கள் விட்டால்தானே? வலப்பக்கப் பல்லுக்கு இடப்பக்கம் ஊசி போடப் போனாள் ஒருநாள். கடைசியில் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"அடிப்பாவி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மனுஷன் வயித்துல பால வார்த்திருக்கலாமே. உன் வீம்ப மூட்ட கட்டி வச்சிட்டுப் போய்ச் சொல்லிட்டு வாடி."

அடுத்த ஞாயிறும் மழை. மடக்கிய குடையைக் கையிலேயே பிடித்தபடி, தொப்பலாக நனைந்து வந்து, தட்டிக்குப் பின்னால் அவன் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

"உங்க பறவ வந்துச்சுங்க. அன்னிக்கே பாத்தேன். கோவத்துல சொல்லல... மன்னிச்சிடுங்க."

அவன் தொலைநோக்கியை எடுத்துத் தண்ணீர் நெடுகத் தேடினான். நாணல் ஓரத்தில், நீள அலகைச் சேற்றில் நுழைத்து நுழைத்து... அதோ, மஞ்சள்! தொலைநோக்கியை அவளிடம் நீட்டினான். விரல்கள் பட்டன. அவள் விரல்கள் வெடவெடத்தன.

"ஐயோ, இப்படி நடுங்குறீங்களே... குடைய விரிங்க."

"பறந்துடுமே!"

"பறக்கட்டும். அதுக்குத் திரும்பி வரத் தெரியும். நீங்க..." நிறுத்திவிட்டான்.

"ம்... பல் டாக்டர்ங்க நான். வாயத் தொறந்தாத்தான் விடுவேன்."

"நீங்க திரும்பி வருவீங்களான்னுதான்... வாரம் பூரா தவிச்சுப் போயிட்டேன்."

'படக்!'

வானம் முழுக்கச் சிறகுகள்... குடைக்குள் இருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.